வேர்டு அட்டவணையை எக்செலுக்கு மாற்றுவது எப்படி: எண்ணும் தேதியும் சிதையாமல்

பத்துப் பேரின் பெயரும் ஊரும் மட்டும் உள்ள பட்டியல் என்றால் காப்பி, பேஸ்ட் போதும். அடுக்ககச் சங்க உறுப்பினர் பட்டியல், மகளிர் குழுவின் வரவு செலவு, பள்ளி மாணவர் விவரம் போன்றவை அப்படி முழுசாக வந்து சேருவதில்லை. கதவு எண் 12/3 என்பது மார்ச் 12 ஆகிவிடும். முன்னால் பூஜ்யம் உள்ள வங்கிக் கணக்கு எண் அதை இழந்துவிடும். முகவரி மூன்று வரியில் இருந்தால் ஒரே ஆள் மூன்று வரிசைகளில் பரவிக் கிடப்பார். மேலிருந்து கீழாக ஓடும் தொகை நிரலைக் கூட்டினால் பூஜ்யம் வரும்.

வேர்டுக்குக் கட்டத்தில் இருப்பதெல்லாம் வெறும் எழுத்து. எக்செல் அப்படியில்லை. ஒட்டிய கணத்திலேயே ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து இது எண், இது தேதி, இது எழுத்து என்று முடிவு கட்டி மதிப்பையே மாற்றிவிடும். மார்ச் 12 ஆகிப்போன கட்டத்தை அப்புறம் எழுத்து வடிவத்துக்கு மாற்றினால் 12/3 திரும்பி வராது. 45728 போல ஒரு எண்தான் வரும். அது 2025 மார்ச் 12க்கு எக்செல் வைத்திருக்கும் நாள் எண். ஆகவே வேலையின் பெரும்பகுதியை வேர்டிலேயே முடித்துவிடுங்கள். எக்செலில் ஒட்டிய பிறகு பழுது பார்ப்பது இரட்டை வேலை, சில பழுதுகளைப் பார்க்கவும் முடியாது.

வேர்டில் செய்ய வேண்டியவை

மூலக் கோப்பைத் தொடாதீர்கள். ஒரு நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். கண்ட்ரோல், ஷிப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைந்திருக்கும் குறிகள் தெரியும். எண்டர் அடித்த இடத்தில் ¶, ஷிப்டோடு எண்டர் அடித்த இடத்தில் வளைந்த அம்பு, டேப் அடித்த இடத்தில் வலப்பக்க அம்பு, சாதாரண இடைவெளிக்குப் புள்ளி, பிரியா இடைவெளிக்கு (இரண்டு சொற்களை ஒரே வரியில் சேர்த்து நிறுத்தும் நான்-பிரேக்கிங் ஸ்பேஸ்) சிறு வட்டம். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ¤ இருக்கும். அது கட்டத்தின் எல்லை. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். கட்டத்துக்குள் இருக்கும் ¶, வளைந்த அம்பு, டேப் அம்பு மூன்றும்தான் எக்செலில் கட்டங்களைச் சிதறடிப்பவை.

கட்டத்துக்குள் எண்டர் இருந்தால் எக்செல் அதைப் புதிய வரிசையாக எடுத்துக்கொள்ளும். சாதாரணமாக ஒட்டினால் அந்த ஆளின் மற்ற விவரங்களைப் பல வரிசைகளை இணைத்த கட்டங்களில் வைத்துவிடும். பார்க்க ஒழுங்காகத் தெரியும். சார்ட் செய்து அகரவரிசையில் அடுக்கப் போனால் இணைந்த கட்டங்கள் இருக்கின்றன என்று மறுத்துவிடும். தடுக்கும் வழி இது. அட்டவணையை மட்டும் தேர்ந்தெடுங்கள். அதன் இடது மேல்மூலையில் தெரியும் நான்குமுனை அம்பைச் சொடுக்கினால் போதும். கண்ட்ரோலோடு ஹெச் அழுத்தி ரீப்ளேஸ் பெட்டியைத் திறங்கள். தேடும் இடத்தில் ^ குறியும், அதை ஒட்டியே ஆங்கிலச் சிறிய ‘பி’யும். மாற்றும் இடத்தில் ## என்று இரண்டு குறிகள். ரீப்ளேஸ் ஆல் கொடுத்தால், மிச்ச ஆவணத்திலும் தேடவா என்று கேட்கும். ‘நோ’ என்று சொல்லுங்கள். ‘யெஸ்’ சொன்னால் அட்டவணைக்கு வெளியே உள்ள பத்திகளெல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து ^ குறியோடு சிறிய ‘எல்’ கொடுத்து, ஷிப்ட் எண்டரால் வந்த வரி முறிவுகளையும் ## ஆக்குங்கள். பிறகு ^ குறியோடு சிறிய ‘டி’. இது டேப், இதற்குப் பதில் ஒற்றை இடைவெளி. கடைசியாக ^ குறியோடு சிறிய ‘எஸ்’. இது பிரியா இடைவெளி. இதற்கும் சாதாரண இடைவெளியே பதில். இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிய பட்டியல்களில் பிரியா இடைவெளி நிறைய இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் அது ஒன்று ஒட்டியிருந்தாலும் எக்செல் அந்தக் கட்டத்தை எண்ணாக ஏற்காது. எக்செலின் டிரிம் சூத்திரமும் அதை நீக்காது. இங்கேயே முடித்துவிடுவது எளிது.

## என்பது உதாரணம்தான். பட்டியலில் எங்கும் வராத எந்தக் குறியும் ஆகும். ஆனால் நட்சத்திரக் குறி, கேள்விக்குறி, ~ மூன்றையும் தவிருங்கள். எக்செலின் தேடல் பெட்டியில் இவற்றுக்குத் தனிப் பொருள் உண்டு. நட்சத்திரத்தைத் தேடி மாற்றினால் கட்டத்தில் இருந்த அத்தனையும் போய்விடும்.

நம் பட்டியல்களில் ‘மேற்படி’ என்பதற்குப் போடும் இரட்டை மேற்கோள் குறி தனித் தொல்லை. நேர்க்கோட்டு மேற்கோள் குறி ஒரு கட்டத்தின் முதல் எழுத்தாக இருந்தால், எழுத்தாக ஒட்டும்போது எக்செல் அடுத்த மேற்கோள் குறி வரும்வரை உள்ள எல்லாவற்றையும் ஒரே கட்டமாக விழுங்கிவிடும். நடுவில் பத்துப் பேர் இருந்தாலும் சரி. அந்த நிரலை மட்டும் தேர்ந்தெடுத்து, மேற்கோள் குறியைத் தேடி, மாற்றும் இடத்தைக் காலியாக விட்டு ரீப்ளேஸ் ஆல் கொடுங்கள். காலியான கட்டங்களை எக்செலில் ஒரே வீச்சில் நிரப்பிக்கொள்ளலாம். வழி பின்னால் வருகிறது.

வரிசை எண் நிரலில் இருப்பது கையால் அடித்த எண்ணா, வேர்டு தானாகப் போட்டதா என்று பாருங்கள். எண்ணைச் சொடுக்கினால் நிரல் முழுக்க எண்கள் சாம்பல் நிறமானால் அது தானாகப் போட்டது. கடைசி எண்ணை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு அந்த நிரலையே நீக்கிவிடுங்கள். எக்செலில் ஒன்று, இரண்டு அடித்து இழுத்தால் நொடியில் வந்துவிடும். குறித்த எண் கடைசிச் சரிபார்ப்புக்கு உதவும்.

இணைத்த கட்டங்களைப் பிரிக்க வேண்டும். பக்கவாட்டில் இரண்டு கட்டங்களை இணைத்திருந்தால், எழுத்தாக ஒட்டும்போது அந்த வரிசையின் மிச்ச விவரங்கள் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்துவிடும். கைப்பேசி எண் தொகைக்கான இடத்தில் உட்காரும். அந்தக் கட்டத்தில் கர்சரை வைத்து, லேஅவுட் தாவலில் ஸ்பிளிட் செல்ஸ் சொடுக்கி, வேண்டிய எண்ணிக்கை கொடுங்கள். ‘முதல் தளம்’, ‘இரண்டாம் தளம்’ என்று அட்டவணையின் முழு அகலத்துக்கும் ஓடும் துணைத்தலைப்புகளைப் பிரிக்கத் தேவையில்லை. அவை எக்செலில் முதல் நிரலில் தனியாக நிற்கும், பிறகு கவனிக்கலாம்.

பட்டியல் பல துண்டு அட்டவணைகளாகக் கிடந்தால், நிரல்கள் ஒரே எண்ணிக்கையில் ஒரே வரிசையில் இருக்கும்வரை, இரண்டுக்கும் இடையில் உள்ள வெற்றுப் பத்தியை டெலீட் செய்தாலே ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். சேராவிட்டால் டேபிள் பிராப்பர்ட்டீஸ் திறந்து, இரண்டிலும் டெக்ஸ்ட் ராப்பிங் ‘நன்’ என்று இருக்கிறதா பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் தலைப்பு வரிசையைக் கையால் அடித்திருப்பவர்கள் அதை இப்போது நீக்க வேண்டாம். எக்செலில் ஃபில்டர் போட்டு ஒரே தடவையில் நீக்கலாம்.

பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால்

கணினியில் தமிழை எழுதும் குறியீட்டு முறைகளான யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தமிழக அரசு தரமாக அறிவித்தது 2010இல். அதற்கு முன்னும், பழக்கதோஷத்தால் பின்னும், பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த பட்டியல்கள் இன்னும் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. இலங்கையில் பாமினி இன்னும் பரவலாகப் புழங்குகிறது. இவற்றில் திரையில் தெரிவது தமிழ். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும். எழுத்தாக ஒட்டினால் எழுத்துரு கழன்று வெறும் குப்பை தெரியும். எழுத்துருவோடு ஒட்டினாலும் தேடல், சார்ட் எதுவும் ஒழுங்காக வேலை செய்யாது.

இன்னொரு அபாயமும் உண்டு. பாமினியில் ‘இ’ எழுத்து இருப்பது காற்புள்ளியின் இடத்தில். மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். தொகையில் உள்ள காற்புள்ளிகளை நீக்குகிறேன் என்று தாள் முழுவதும் மாற்றினால் இளங்கோ, இந்திரா எல்லாம் முதலெழுத்தை இழந்துவிடுவார்கள்.

ஆகவே முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் பாமினி, வானவில், டிஸ்கி, டாப், டாம் ஆகியவற்றிலிருந்து மாற்றித் தரும். மொத்த அட்டவணையையும் ஒரே தடவையில் மாற்றாமல் நிரல் நிரலாக மாற்றுங்கள். மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலத்தில் உள்ள வங்கிக் கிளைக் குறியீடு போன்றவை மாற்றியில் போனால் அவையும் ‘தமிழாகி’விடும்.

எக்செலை முதலில் தயார் செய்யுங்கள்

புதிய தாளைத் திறந்ததும் எதையும் ஒட்டாதீர்கள். கண்ட்ரோலோடு ஏ அழுத்தித் தாள் முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஹோம் தாவலில் ‘ஜெனரல்’ என்று இருக்கும் பெட்டியைத் திறந்து ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். எண் நிரல், தேதி நிரல் என்று பார்க்காமல் எல்லாமே எழுத்தாக வந்து இறங்கட்டும். எதை எண்ணாக்குவது, எதைத் தேதியாக்குவது என்று பிறகு நாம் சொல்லலாம்.

இப்படிச் செய்யாமல் விட்டால் வரும் சேதம் இது. 12 இலக்க ஆதார் எண் 1.23 என்று தொடங்கும் அடுக்குக்குறி வடிவில் தெரியும். மதிப்பு உள்ளே பத்திரமாக இருக்கும். வடிவத்தை மாற்றினால் திரும்பிவிடும். 16 இலக்க எண் அப்படியில்லை. எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைத்துக்கொள்ளாது. கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், மீட்க வழியில்லை. நாட்டுக் குறியீட்டோடு தொடங்கும் கைப்பேசி எண்ணில் + குறி போகும். இரண்டாம் தளம், ‘ஈ’ பிளாக், மூன்றாம் வீடு என்பதை எண்ணும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாகச் சேர்த்து எழுதியிருந்தால், நடுவில் உள்ள அந்த எழுத்தை அடுக்குக்குறியாகப் படித்து வீட்டு எண்ணை 2000 ஆக்கும். ‘- பால்’ என்று சிறுகோட்டில் தொடங்கும் வரியைச் சூத்திரம் என்று நினைத்துப் பிழை காட்டும்.

மைக்ரோசாஃப்ட் 365இல் ஆப்ஷன்ஸ், டேட்டா பகுதியில், தானாக மாற்றுவதை நிறுத்தும் தேர்வுகள் இப்போது இருக்கின்றன. முன்பூஜ்யத்தையும், நீண்ட எண்ணையும், அந்த ‘ஈ’ எழுத்துக் கோளாறையும் அவை தடுக்கும். ஆனால் கதவு எண் 12/3 தேதியாவதை அவை தடுப்பதில்லை. தேதி சம்பந்தமாக அங்கே இருக்கும் தேர்வு எழுத்தும் எண்ணும் கலந்தவற்றுக்கு மட்டும். டெக்ஸ்ட் வடிவம்தான் எல்லாவற்றுக்கும் காவல்.

ஒட்டும் முறை

வேர்டில் அட்டவணையைத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்யுங்கள். எக்செலில் முதல் கட்டத்தில் வலது சொடுக்கு, பேஸ்ட் ஸ்பெஷல், பட்டியலில் ‘யூனிகோட் டெக்ஸ்ட்’. கண்ட்ரோலோடு வி அழுத்தாதீர்கள். அப்படி ஒட்டினால் வேர்டின் நிறம், கோடு, இணைந்த கட்டம் அனைத்தும் சேர்ந்து வருவதோடு, நாம் போட்ட டெக்ஸ்ட் வடிவத்தையும் அழித்துவிடும். பட்டியலில் வெறும் ‘டெக்ஸ்ட்’ என்று இன்னொன்றும் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் கேள்விக்குறிகளாகிவிடலாம்.

ஒட்டியது விசித்திரமாகக் காற்புள்ளி இருக்கும் இடமெல்லாம் பிரிந்து வந்தால், அன்று முன்னதாக அதே எக்செலில் யாரோ டெக்ஸ்ட் டு காலம்ஸ் பயன்படுத்திக் காற்புள்ளியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று பொருள். எக்செல் மூடும்வரை அதை நினைவில் வைத்து, ஒட்டும் எழுத்துகளிலும் பிரயோகிக்கும். எக்செலை முழுவதும் மூடித் திறந்து, டெக்ஸ்ட் வடிவம் கொடுத்து மறுபடி ஒட்டுங்கள்.

இப்போது ## குறிகளை வரி முறிவாக்க வேண்டும். கண்ட்ரோலோடு ஹெச், தேடும் இடத்தில் ##, மாற்றும் இடத்தில் கர்சரை வைத்துக் கண்ட்ரோலோடு ஜே. பெட்டியில் எதுவும் தெரியாது, மிஞ்சிப்போனால் ஒரு புள்ளி சிமிட்டும். அது வேலை செய்கிறது. ரீப்ளேஸ் ஆல் கொடுங்கள். முடிந்ததும் அந்தப் பெட்டியில் பேக்ஸ்பேஸ் அழுத்தி அதை நீக்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த தடவை எதையாவது மாற்றும்போது கண்ணுக்குத் தெரியாத வரி முறிவும் கூடவே போய் உட்காரும். முகவரி ஒரே வரியில் இருந்தால் போதும் என்றால் கண்ட்ரோல் ஜேக்குப் பதில் காற்புள்ளியும் இடைவெளியும் கொடுங்கள். அஞ்சல் லேபிள் அடிக்கப்போவதில்லை என்றால் இதுதான் வசதி.

வரி முறிவு வைத்தால் ராப் டெக்ஸ்ட் சொடுக்குங்கள். தமிழ் எழுத்தின் மேல்கீழ்க் கொம்புகள் வெட்டுப்பட்டால் வரிசை எண்களுக்கு இடைப்பட்ட கோட்டில் இரட்டைச் சொடுக்கு, உயரம் சரியாகும்.

தொகையும் தேதியும்

‘ரூ. 1,25,000/-’ என்று எழுதுவது நமக்குப் பழக்கம். எக்செலுக்கு அது எழுத்துதான். தொகை நிரலை மட்டும் தேர்ந்தெடுத்து ‘ரூ.’, ‘/-’, காற்புள்ளி மூன்றையும் ஒவ்வொன்றாகத் தேடிக் காலியால் மாற்றுங்கள். ‘ரூ’வுக்கும் புள்ளிக்கும் நடுவில் இடைவெளி விட்டவர்களும், ₹ குறி போட்டவர்களும் இருப்பார்கள், அவற்றையும் பாருங்கள். தனிப் புள்ளியை மட்டும் தேடி நீக்காதீர்கள். 150.50 என்பது 15050 ஆகிவிடும்.

எழுத்துகள் போனாலும் நிரல் இன்னும் டெக்ஸ்ட் வடிவத்தில்தான் இருக்கிறது. வடிவத்தை ஜெனரல் என்று மாற்றினால் மட்டும் எண்ணாகாது. நிரலைத் தேர்ந்தெடுத்து, டேட்டா தாவலில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் திறந்து, ‘டிலிமிட்டட்’ வைத்து, அடுத்த திரையில் டேப் தவிர எல்லா டிக்கையும் எடுத்து, மூன்றாம் திரையில் ‘ஜெனரல்’ கொடுத்து முடியுங்கள். எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒதுங்கும். இடப்பக்கமே நிற்பவை இன்னும் எழுத்துகள். அவற்றில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று பொருள்.

தேதிக்கும் இதே கருவி. மூன்றாம் திரையில் ‘டேட்’ தேர்ந்து, பக்கத்தில் நாள், மாதம், ஆண்டு என்ற ஒழுங்கை, அதாவது ‘டிஎம்ஒய்’யைத் தேருங்கள். 15.08.2024 என்று புள்ளி வைத்து எழுதியதும் சரியாக மாறும். இதைச் செய்யாமல் நேரடியாக ஒட்டியிருந்தால், கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்காவாக இருக்கும்போது 03/04/2024 மார்ச் 4 ஆகும். 25/04/2024இல் 25ஆம் மாதம் இல்லாததால் அது எழுத்தாகவே நிற்கும். ஒரே நிரலில் பாதி தவறான தேதி, பாதி எழுத்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேதி நிரல்களில் மிக மோசமான பிழை இதுதான்.

காலிக் கட்டங்களை நிரப்புதல்

‘மேற்படி’ நீக்கிய இடங்களும், மேல்கீழாக இணைத்திருந்த கட்டங்களும் காலியாக நிற்கும். முதலில் அந்த நிரலின் வடிவத்தை ஜெனரலுக்கு மாற்றுங்கள். டெக்ஸ்ட் வடிவத்தில் சூத்திரம் அடித்தால் சூத்திரமே எழுத்தாக நிற்கும். வடிவத்தை மாற்றுவதால் ஏற்கெனவே வந்து இறங்கிய 12/3 தேதியாகாது. ஆனால் அந்தக் கட்டத்துக்குள் போய்த் திருத்தி எண்டர் அடித்தால் ஆகிவிடும், தொடாதீர்கள். பிறகு முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை நிரலைத் தேர்ந்தெடுத்து எஃப்5, ஸ்பெஷல், பிளாங்க்ஸ். = அடித்து மேல் அம்பு ஒரு தடவை, பிறகு கண்ட்ரோலோடு எண்டர். காலிக் கட்டம் ஒவ்வொன்றும் தனக்கு மேலே உள்ளதை எடுத்துக்கொள்ளும். உடனே அதே நிரலைக் காப்பி செய்து, அதே இடத்தில் பேஸ்ட் ஸ்பெஷலில் ‘வேல்யூஸ்’ கொடுங்கள். இதை விட்டுவிட்டு சார்ட் செய்தால் எல்லாருடைய விவரமும் பக்கத்து வீட்டாருடையதாகிவிடும்.

‘முதல் தளம்’ துணைத்தலைப்புகளுக்கு, இடப்பக்கம் ஒரு நிரல் சேர்த்து, தலைப்புகளைக் கட் செய்து அங்கே போட்டு, இதே முறையில் கீழே நிரப்புங்கள். பிறகு பெயர் நிரலில் காலியாக உள்ள வரிசைகளை ஃபில்டரில் எடுத்து நீக்கலாம்.

சரிபார்ப்பு

தொகை நிரலைத் தேர்ந்தெடுத்தால் கீழே நிலைப்பட்டையில் கூட்டுத்தொகையும் எண்ணிக்கையும் வரும். பட்டையில் வலது சொடுக்கி ‘நியூமெரிக்கல் கவுண்ட்’ என்பதையும் டிக் செய்யுங்கள். ‘கவுண்ட்’ காலியில்லாத கட்டங்களையும், ‘நியூமெரிக்கல் கவுண்ட்’ உண்மையான எண்களை மட்டும் எண்ணும். தலைப்பையும் அடியில் உள்ள ‘மொத்தம்’ வரிசையையும் சேர்க்காமல் தேர்ந்தெடுத்தும் இரண்டும் வேறுபட்டால் எங்கோ ஒரு தொகை எழுத்தாக ஒளிந்திருக்கிறது. தேதி நிரலுக்கும் இதே சோதனை செல்லும்.

எண்ணிக்கையைத் தாளில் குறித்த கடைசி வரிசை எண்ணோடு ஒப்பிடுங்கள். கூட்டுத்தொகையை வேர்டில் அடியில் இருக்கும் மொத்தத்தோடு ஒப்பிட்டு, அந்த ‘மொத்தம்’ வரிசையை நீக்கிவிட்டு எக்செலிலேயே புதிதாகக் கூட்டுங்கள். வேர்டில் சூத்திரம் போட்டிருந்தாலும் இங்கே வந்தது அதன் விடை மட்டும். நாளை ஒரு தொகை மாறினால் அது மாறாது. இரண்டு மொத்தமும் ஒத்துவராவிட்டால் உடனே எக்செலைக் குறை சொல்ல வேண்டாம். வேர்டில் கால்குலேட்டர் வைத்துக் கூட்டி அடித்த மொத்தம் பல சமயம் முதலிலிருந்தே தப்பு.

லிப்ரே ஆபீஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை இதைவிடக் குறைவு. அதில் எக்செலுக்கு இணையான கால்க்கில் பேஸ்ட் ஸ்பெஷலில் வடிவமற்ற எழுத்து என்பதைத் தேர்ந்தால் ஒரு பெட்டி திறந்து, ஒவ்வொரு நிரலுக்கும் எழுத்தா, தேதியா என்று முன்கூட்டியே கேட்கும். கதவு எண், கணக்கு எண், கைப்பேசி மூன்றுக்கும் டெக்ஸ்ட். தேதிக்கு நாள், மாதம், ஆண்டு ஒழுங்கு.

கடைசியில் எக்செல் கோப்பாகவே சேமியுங்கள். வங்கியோ இணையதளமோ சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) கேட்டால் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தனியாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியில் தமிழ் கேள்விக்குறிகளாகும். அப்படிச் சேமித்த சிஎஸ்வியை, சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று இரட்டைச் சொடுக்கி எக்செலில் திறந்து மறுபடி சேமிக்காதீர்கள். சிஎஸ்வியில் டெக்ஸ்ட் வடிவம் எதுவும் தங்குவதில்லை. 12/3 அங்கே மறுபடியும் மார்ச் 12 ஆகும். பார்க்க வேண்டுமென்றால் நோட்பேடில் திறங்கள்.